கடனுக்கு முகவரி உண்டு

தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்களை வைத்திருக்கும் மொழி நம்முடையது. கேட்பவனையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', அவனை வெளியே நிறுத்திவிட்டால் 'நாங்கள்'. நவீன வாழ்க்கையில் தார்மீகக் கடமை தேய்ந்துபோய்விட்டது என்று ஒரு விழா மலரில் பக்கம் பக்கமாக வருந்தியிருக்கும் கட்டுரையாளர் இந்த இலக்கணத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார். கொசஸ்தலையாறு கெட்டதற்கு 'நாம்' காரணம், சாம்பல் பறப்பதற்கு 'நாம்' காரணம், கடலில் எண்ணெய் மிதப்பதற்கும் 'நாம்'தான் காரணம். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டிக்கொடுத்ததும் மருத்துவ முகாம் நடத்தியதும் மட்டும் 'நாங்கள்'. பெரிய ஆலை ஒன்றின் நிர்வாகத்திலிருந்து ஓய்வுபெற்றவர் என்று பெயருக்குக் கீழே போட்டிருக்கிறது. பழியைப் பங்குபோட ஊரையே கூப்பிடுகிறவர் புண்ணியத்தைப் பங்குபோடும்போது ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறார்? சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் பிறந்து இங்கேயே இருக்கிற நான் இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் கட்டுரையை மூன்று முறை படித்தேன். நீங்களும் அப்படிப் படித்தால் அவர் வாதங்கள் எங்கே கிளம்பி யார் வீட்டு வாசலைக் காக்கப் போகின்றன என்பது உங்களுக்கே விளங்கும்.

மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்குகிறவனுக்கு அனல்மின் நிலையத்துச் சாம்பலைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்பது அவருடைய முதல் வாதம். கேட்டதும் வாயடைத்துப்போகிற மாதிரி இருக்கும், ஒரு நிமிடம் யோசித்தால் உதிர்ந்துவிடும். வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட், வடசென்னை நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளும் சேர்ந்து 1,830 மெகாவாட். இந்த மின்சாரம் கம்பியேறி மாநிலத் தொகுப்புக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. சாம்பல் எங்கேயும் போவதில்லை, நிலையத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கத்துக்காரி வீட்டுக் கொல்லையிலேயே குளம் கட்டி நிற்கிறது. அவள் வீட்டில் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஓடுகின்றன. நகரத்தில் அறைக்கு ஒரு குளிர்சாதனம் ஓடுகிற வீட்டுக்கு ஒரு பிடி சாம்பல் போனதுண்டா? பயன்படுத்துகிறவன்தான் பொறுப்பு என்பது மெய்யாகவே இவர் நம்பும் நீதியென்றால், மீட்டர் கணக்குப்படி சாம்பலையும் வீட்டுக்கு வீடு அளந்து கொட்டியிருக்க வேண்டாமா? பயனைப் பொறுத்தவரை ஊரெல்லாம் ஒன்று, பாதிப்பைப் பொறுத்தவரை செப்பாக்கமும் குருவிமேடும் மட்டும் தனி என்று வைத்துவிட்டு, பழி என்று வரும்போது மறுபடியும் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பதற்குப் பெயர் தத்துவம் என்றால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனும் தத்துவஞானிதான்.

சட்டமாவது இவரைப் போலக் குழம்பியிருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. இந்திய நிலக்கரியை எரித்தால் நூறில் முப்பது முதல் நாற்பது பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலை என்ன செய்வது என்று மத்திய அரசு 1999இல் முதல் அறிவிக்கையை வெளியிட்டது, 2021 டிசம்பர் 31இல் இன்னும் கடுமையான ஒன்றை வெளியிட்டது. இரண்டிலும் சாம்பலை உண்டாக்கும் நிலையத்தின் மீது கடமை சுமத்தப்பட்டிருக்கிறது. குழம்பாகக் கரைத்த சாம்பலைக் கொண்டுபோகும் குழாய் விரிசல்விட்டு ஆற்றில் கொட்டியபோது, குழாயை இந்த ஆண்டே மாற்றுவதா, ஒட்டுப்போட்டு ஓட்டுவதா என்று கோப்பில் கையெழுத்துப் போட்ட கை ஒன்று இருந்தது. அந்தக் கைக்குச் சம்பளம் உண்டு, பதவியின் பெயர் உண்டு. மின்விசிறியின் சுவிட்சைப் போட்ட விரலையும் அந்தக் கையையும் ஒன்றாக்குகிற கட்டுரையாளர், ஒரு நிர்வாகத்தில் வாழ்நாளைக் கழித்தவர், பொறுப்பு எப்படி வகுக்கப்படுகிறது என்று தெரியாதவரா? தெரிந்தே மறைக்கிறார் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்து வருவது வாளி. கட்டுரையில் அவர் மிகவும் உருகி எழுதியிருக்கும் இடம் இதுதான், எனக்கு மிகவும் கோபம் வந்த இடமும் இதுதான். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையில் எண்ணெய் ஒதுங்கியபோது மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளோடு இறங்கி அள்ளினார்கள். சமூகப் பொறுப்பு என்றால் அதுதான், ஆலைகளை எதிர்க்கும் போராட்டக்காரர்கள் அந்த இளைஞர்களிடம் பாடம் கற்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அள்ளியவர்களை நானும் வணங்குகிறேன். ஆனால் வாளியைப் படம்பிடித்தவர், வாளி ஏன் வந்தது என்று கேட்டாரா? மோதல் நடந்த அன்று துறைமுகம் வெளியிட்ட செய்திக் குறிப்பு, எண்ணெய் மாசு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு எதுவும் இல்லை என்றது. எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் களிபோல் திரண்டு, தெற்கே திருவான்மியூரைத் தாண்டி இறங்கிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. துறைமுக எல்லையில் கொட்டுகிற எண்ணெயை முதலில் எதிர்கொள்ளும் பொறுப்பும் அதற்கான கருவிகளும் துறைமுகத்திடம் இருக்க வேண்டும் என்பது தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டம். கடைசியில் கரைக்கு வந்தவை சாக்கடை உறிஞ்சும் வண்டிகள். கெட்டித்துப்போன எண்ணெயை அவற்றின் குழாயால் இழுக்க முடியவில்லை. அப்புறம்தான் வாளி. ஒரு பையன் கையுறைகூடச் சரியாக இல்லாமல் கழுத்தளவு நாற்றத்தில் நின்று அள்ளினான் என்றால், அவனுடைய கடமையுணர்வுக்கு அது சான்று என்பதற்கு முன்னால், வேறு யாரோ தங்கள் கடமையைச் செய்யவில்லை என்பதற்கு அது சான்று. முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கியது ஏன்?

சரி, 2017 ஒரு விபத்து, அதிலிருந்து பாடம் கற்றார்கள் என்றாவது வைத்துக்கொள்ள முடிகிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. படகு, வலை, அலையாத்தி மரங்களின் வேர், கூழைக்கடாவின் இறகு எல்லாம் கறுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. அப்போதும் அள்ளியவர்கள் யார்? அதே மீனவர்கள். அள்ளியது எதனால்? வாளியாலும் குவளையாலும். ஏழு ஆண்டு இடைவெளியில், ஒரே கரையில், ஒரே பிளாஸ்டிக் வாளி. தன் பிழைப்பைக் கெடுத்த எண்ணெயைத் தானே கூலிக்கு அள்ளுகிற நிலைக்கு ஒரு மனிதனைத் தள்ளிவிட்டு, அவனைப் பார்த்துப் 'பொறுப்புள்ள குடிமகன்' என்று எழுதுகிறவர்களின் பாராட்டு அவனுக்கு எதற்கு? அவன் கேட்பது ஆறு.

மூன்றாவது வாதம் நன்றி. நிறுவனங்கள் இவ்வளவு செய்கின்றன, குடிநீர் நிலையம் வைத்துத் தருகின்றன, மக்களுக்கு நன்றி இல்லை என்கிறார். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவைப் பற்றி அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. சட்டம் கட்டச்சொன்னதைக் கட்டியவனுக்கு மாலை போட வேண்டும் என்றால் சொத்துவரி கட்டுகிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஆண்டுதோறும் மாலை போட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமான ஒன்றை அவர் தொடவேயில்லை. வழக்கமான தொழில் நடவடிக்கையின் பகுதியாகச் செய்யும் எதையும் இந்த இரண்டு விழுக்காட்டுக் கணக்கில் எழுத முடியாது என்று அதே சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. தான் போட்ட அழுக்கைத் தான் துடைப்பது வேறு, ஊருக்கு உபகாரம் செய்வது வேறு என்று இதற்குப் பொருள். முதலாவது தீராமல் இரண்டாவதைப் பேசுவதை நம் கிழவிகள் மாட்டைக் கொன்று செருப்பு தானம் செய்தது போல என்பார்கள். அந்தப் பழமொழியின் கூர்மை இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியிலாவது உண்டா?

குடிநீர் நிலையத்தைப் பற்றி எங்கள் ஊர் வாயைத் திறந்தால் அது நீண்ட கதை. ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலைக்கும் நடுவே, மீஞ்சூரையும் பஞ்செட்டியையும் சுற்றி, 1960களின் இறுதியிலிருந்து வரிசையாகக் கிணறுகள் இறக்கி மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் நீர் கொண்டுபோனார்கள். இனிக்க இனிக்கக் குடித்த நீர் அது. இறைக்க இறைக்க நிலத்தடியில் கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே ஏறியது, நெல் விளைந்த நிலம் உவர்த்தது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதற்கு மீஞ்சூர் ஆலை என்று பெயர். எங்கள் கிணறு உப்பானதற்கு யாரும் எங்களுக்கு நன்றி சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று நாங்கள் விழா மலரில் கட்டுரை எழுதியதும் இல்லை. உப்பாகிப்போன கிணற்றின் கரையில் ஒரு சுத்திகரிப்புப் பெட்டியை வைத்து, அதில் பெயர்ப் பலகையும் அடித்து, நன்றி எங்கே என்று கேட்பவர், கடனைத் திருப்பித் தருவதற்கும் தானம் கொடுப்பதற்கும் வித்தியாசம் அறியாதவர்.

கெடுத்தவனே சரிசெய்ய வேண்டும் என்பது போராட்டக்காரர்கள் நேற்று எழுதிய முழக்கம் என்று நினைக்கிறார் போலும். டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் கசிந்த வழக்கில் பி.என். பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1986இலேயே, அபாயகரமான தொழில் நடத்துகிறவன் எந்தச் சாக்கும் சொல்ல முடியாத முழுப் பொறுப்பாளி என்று தீர்த்துவிட்டது. 1996இல், நம் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அதே நீதிமன்றம் சொன்னது. பாலாறு கெட்டுப் பெற்றுத்தந்த தீர்ப்பு அது. அதற்கு மேலும் 'எல்லோரும் காரணம்' என்று எழுத ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும், அல்லது அறியாமை வேண்டும்.

பிறகு பழைமை. அந்தக் காலத்தில் கடமையுணர்வு இருந்தது, நவீனம் வந்து எல்லோரையும் உரிமை பேசுகிறவர்களாக்கிவிட்டது என்று வள்ளுவரைத் துணைக்கு அழைத்து, ஒப்புரவறிதலைச் சுட்டுகிறார். அந்த அதிகாரத்தை அவர் புரட்டியாவது பார்த்தாரா? நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் என்று வள்ளுவர் அடுக்குவது யாரை நினைத்து? மூன்றும் செல்வத்துக்குச் சொன்ன உவமைகள். வைத்திருப்பவனுக்குச் சொன்னதை எடுத்துவந்து, கழிமுகத்துச் சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிழைக்கிற இருளர் பெண்ணுக்கு உபதேசமாக மாற்றியிருக்கிறார். வள்ளுவருக்கு முன்பே பொன்முடியார் புறநானூற்றின் 312ஆம் பாட்டில் கடனைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று. கொல்லன் செய்யாததைத் தாய் செய்யட்டும் என்று அவர் எழுதவில்லை. திருப்பித் தர வேண்டிய பணத்துக்கும் செய்தே தீர வேண்டிய செயலுக்கும் தமிழ் 'கடன்' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயலா? பத்திரத்தில் பெயர் இல்லாமல் கடன் ஏது?

இவர் ஏங்குகிற அந்தக் காலத்தில் ஏரியின் கரையை அடைக்க மண் சுமந்தவர்கள் யார் என்பதையும் கேட்டுவைப்போம். ஊர்க்கூட்டு உழைப்பு என்று கொண்டாடப்படும் குடிமராமத்தைக் கட்டாய வேலையாக்க 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. கூடை சுமந்த தலைகள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவை, பாய்ந்த நீரில் அவற்றுக்குப் பங்கு சொற்பம். கூடிச் செய்யும் கடமை இன்றைய ஏழைகளிடம் இல்லை என்பதும் பொய். வடக்கே பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறைவைத்துக்கொள்வார்கள். அதிலும் சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு, அதை மறைத்து நான் பழைமைக்குப் பொன்முலாம் பூசமாட்டேன். ஆனால் நீர் பொது, மீன் பொது, பேராசை பொதுவில் செல்லாது என்ற கணக்கு அந்த முறையில் இருக்கிறது. அந்த நீரை ஒட்டி வளர்ந்த ஆலைகளின் கணக்கேடுகளில் அது எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது?

நவீன மனிதன் பக்கத்து வீட்டுக்காரனை எட்டிப் பார்க்கமாட்டான் என்பது அவருடைய கடைசி வாதம். அதற்குப் பதிலாக ஓர் இரவைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 26, சுனாமி நினைவுநாள். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்தில், கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்தவர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள், அவர்கள் அதற்கடுத்த வீட்டை. குழந்தைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரே இருட்டில் ஓடியது. பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். மறுநாளிலிருந்து ஆலை வாசலில் உட்கார்ந்து அவர்கள் கேட்டதைத்தான் கட்டுரையாளர் உரிமைக் கூச்சல் என்கிறார்.

அவர் கட்டுரையில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, குழாயைத் திறந்துவைத்துப் பல் துலக்குவதற்கு அரைப் பக்கம் இருக்கிறது. பெரியகுப்பம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த கட்டுரையில் அந்தப் பெயரை எழுதட்டும். எழுதும்போது அந்த வாக்கியத்தின் எழுவாய் நாமா, நாங்களா, அல்லது ஒரு நிறுவனத்தின் பெயரா என்பதையும் முடிவுசெய்துவிட்டு எழுதட்டும். பதில் எழுத நான் இங்கேதான் இருக்கிறேன்.