பாசியும் பணி செய்யும்

கிணற்றடியிற் பாசி படர்ந்தால் நாம் முகஞ் சுளிக்கின்றோம்; வழுக்கி விழ நேருமென்று அஞ்சித் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுகின்றோம். அந்தப் பாசியின் இனத்தையே வேலையாளாக அமர்த்தி ஊர்க் கழிவுநீரைத் தூய்மை செய்யலாம், எரிபொருளும் பெறலாம் என்றால் நம்பத் தயங்குவோர் உளர். ஆயினும் இது கற்பனையன்று.

அமெரிக்காவில், பேர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியாச் சர்வகலாசாலையில், வில்லியம் ஒஸ்வல்ட் என்னும் அறிஞர் 1950ஆம் ஆண்டுகளிலேயே இதனை ஆராய்ந்தார். முறை எளிது. ஏறக்குறைய ஓரடி ஆழமே உள்ள குளத்திற் கழிவுநீரை விட்டு, துடுப்புச் சக்கரத்தால் மெல்லச் சுழலச் செய்வர். பற்றீரியாக்கள் கழிவைச் சிதைக்கும்; அதற்கு வேண்டிய பிராணவாயுவை வெயிலின் துணையாற் பாசி அளிக்கும். சிதைவிற் பிறக்கும் கரியமிலவாயுவையும், நீரிலுள்ள நைதரசன், பொசுபரசுச் சத்துக்களையும் உண்டு பாசி வளரும். கொண்டும் கொடுத்தும் வாழும் அயல்வீட்டார் உறவு போன்றது இது.

“அப்படியாயின், கொழும்பிற் பேரை வாவி பச்சை பூத்து நாற்றம் வீசியது ஏன்?” என்று வாசகர் வினவலாம். நல்ல வினாவே. பாசி உண்ட சத்து அதன் உடலிலேயே தங்கியிருக்கிறது. அதனை அள்ளாது விட்டால், மடிந்து அழுகி, உண்டதை நீருக்கே திருப்பிக் கொடுக்கும். அழுகும்போது பிராணவாயு குன்றி மீன்களும் மாளும். விளைந்ததை அறுவடை செய்தாலன்றிப் பயனில்லை என்னும் வயல் நீதி பாசிக்கும் பொருந்தும்.

அள்ளிய பாசியைக் காற்றுப் புகாத் தொட்டியில் அழுகவிட்டால், எரியத்தக்க மெதேன் வாயு கிடைக்கும். ஒஸ்வல்டும் அவர்தம் தோழரும் 1957இல் இதுபற்றி எழுதினர். சில பாசியினங்களில் எண்ணெயும் உண்டு. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை, ஏறக்குறைய 2½ கோடி டொலர் செலவிட்டு, 3,000க்கு மேற்பட்ட பாசி வகைகளைத் திரட்டி ஆராய்ந்தது. எண்ணெய் கிடைத்தது, ஆனால் நிலத்தெண்ணெயோடு விலையிற் போட்டியிட அதனால் இயலவில்லை. எக்சன்மொபில் நிறுவனம் 2009இல் தொடங்கிய பெருமுயற்சியும், 2023ஆம் ஆண்டளவிற் கைவிடப்பட்டது. காரணம் உண்டு. திறந்த குளத்து நீர் ஒரு லீற்றரில் உள்ள உலர்ந்த பாசி பொதுவாக ஒரு கிராமுக்கும் குறைவே. அதனைப் பிரித்து உலர்த்தும் செலவே வருவாயை விழுங்கிவிடுகிறது.

எனவே, எண்ணெய்க்காக மட்டும் பாசி வளர்ப்பது கட்டுபடியாகாத வேளாண்மை. துப்புரவுக்காக வளர்த்து, எரிவாயுவை மேல்வரும்படியாகக் கொள்வதே விவேகம். ஸ்பெயின் நாட்டின் சிக்லானா நகரில் 2011இல் தொடங்கிய திட்டம் இவ்வழியே சென்றது. ஊர்க் கழிவுநீரில் வளர்ந்த பாசியிலிருந்து பெற்ற வாயுவால் ஆங்கு மோட்டார் வண்டிகளும் ஓடின.

நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, கழிவுநீருக்கும் பஞ்சமில்லை. அள்ளும் கைகளும், அள்ளுவதற்கு முன்னே கணக்குப் பார்க்கும் நிதானமுமே வேண்டும்.