போனைப் பறித்தால் பிள்ளை வாய் திறக்காது

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடியபோது கடன்பட்டாவது பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். அதில் தவறில்லை. ஆனால் நாம் மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்தில், முகம் தெரியாத ஒருவன் அந்தப் போனில் நட்பாகப் பேசி அந்தரங்கப் படமொன்றை வாங்கிவிடுகிறான். பிறகு, "காசு அனுப்பு, இல்லாவிட்டால் தோட்டம் முழுக்க அனுப்புவேன்" என்று மிரட்டுகிறான். பையன்களும் இதில் சிக்குகிறார்கள்.

அவன் நம்பியிருப்பது நமது கோபத்தைத்தான். "அப்பா அடிப்பார், லயமே சிரிக்கும்" என்று பிள்ளை பயப்படும் வரைக்கும் அவனுக்குப் பிழைப்பு. காசு கொடுத்தால் மறுபடியும் கேட்பான். கோபத்தில் போனை உடைத்தால் சாட்சியும் போய்விடும். வந்த செய்திகளை அழிக்காமல் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, கட்டணமில்லை. 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதே நமது நாட்டில் குற்றம். குற்றவாளி அவன், நம் பிள்ளை அல்ல.

தோட்டத் தலைவர்மாருக்கும் ஒன்று. இதைக் கோயிலடியில் கூடிப் "பேசி முடிக்க" வேண்டாம். மிரட்டியவன் நமக்கு வேண்டியவரின் மகனாக இருந்தாலும் சரி. முடித்துவைத்தது போல் தோன்றும். படம் அவன் கையில்தான் இருக்கும். சம்பளத்துக்காகத் துரையோடு மல்லுக்கு நிற்கிறோமே, ஒரு தாய் பொலிசுக்குப் போகும்போது, முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க, ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று கூடப்போங்கள்.