பாவம்ங்க பிரானா!

"அமேசான்ல கால் வச்சா அஞ்சு நிமிஷத்துல எலும்புதான் மிஞ்சும்" என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். டி.வி.க்காரர்களும் யூடியூப்காரர்களும் விடுவதாக இல்லை. கலங்கல் தண்ணீர், கும்மென்று ஒரு பின்னணி இசை, திடீரென்று ஒரு பல்வரிசை... பார்க்கிறவன் வாளித் தண்ணீரில் குளிக்கவே யோசிப்பான். சுத்தப் பேத்தல் என்பது என் கட்சி. வெறும் பேத்தல் என்றாலும் விட்டுவிடலாம், இது கெடுதல் செய்கிற பேத்தல்.

பிரானாவின் கெட்ட பெயரில் பெரிய பங்கு ஓர் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதிக்கு உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் 1913-14ல் பிரேசில் காடுகளில் சுற்றினார். 1914ல் எழுதிய புத்தகத்தில், உலகத்திலேயே மூர்க்கமான மீன் இதுதான் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். சொன்னவர் பெரிய மனுஷர், யார் குறுக்குக் கேள்வி கேட்பது? 1978ல் ஹாலிவுட் படமும் வந்தாயிற்று. ஆனால் அமேசானிலேயே உட்கார்ந்து ஆராய்ந்த ஆன் மகுரன் குழுவினர் சொல்வது வேறு. சிவப்பு வயிற்றுப் பிரானா கூட்டமாகத் திரிவது வேட்டைக்கு அல்ல. டால்பின், கெய்மன் முதலை, அரபைமா இவற்றின் வாயில் சிக்காமல் இருக்கத்தான். பயந்து ஒட்டிக்கொண்டு போகிற கூட்டத்துக்கு நாம் வைத்த பெயர் ரவுடிக் கும்பல்!

(இதன் சொந்தக்காரன் பாக்கு மீனை ஆந்திராவில் குளம் வெட்டி வளர்த்து 'ரூப்சந்த்' என்று விற்கிறார்கள். நாம்தான் அதை வறுத்துத் தின்கிறோம்.)

"அப்போ கடிச்சதே இல்லையா?" என்பீர்கள். கடித்திருக்கிறது. 2013 கிறிஸ்துமஸ் அன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் வெயில் தாங்காமல் பரானா நதியில் இறங்கியவர்களில் சுமார் 70 பேர் கடிபட்டார்கள். கடித்தது பிரானா வகையைச் சேர்ந்த பலோமெட்டா. ஒரு சிறுமிக்கு விரலில் ஒரு பகுதியே போயிற்று. இதை மறைத்து வாதம் செய்தால் நானும் டி.வி.க்காரனும் ஒன்று.

ஆனால் எப்படிக் கடித்தது என்று பாருங்கள். பிரேசிலில் இதே மாதிரிக் கடிகளை ஆராய்ந்து 2003ல் ஒரு கட்டுரை வெளியானது. பெரும்பாலும் ஆளுக்கு ஒரே ஒரு கடி, அதுவும் காலில். காரணம்? ஆற்றை மறித்து அணை கட்டினார்கள், ஓட்டம் நின்றது, தண்ணீர்ச் செடிகள் மண்டின, பிரானா அங்கே முட்டையிட்டது. அதே இடத்தில் மனிதர்களும் குளிக்க இறங்கினார்கள். முட்டைக்குக் காவல் நிற்கிற மீன் "யாருய்யா அது, தள்ளிப் போ" என்று ஒரு கடி கடித்துவிட்டது. குஞ்சு வைத்திருக்கிற கோழிகூடத் துரத்திக் கொத்துகிறது. அதற்காகக் கோழியை அரக்கன் என்றா சொல்கிறோம்? கடிபட்டவர்கள் கரையோரம் வெறுங்காலோடு நின்றவர்கள். ஆழத்தில் வெட்சூட்டும் துடுப்புக்காலணியுமாகப் போகிற டைவர் கதையே வேறு.

அடுத்தது கந்திரு. சிறுநீர் வாசனை பிடித்து உடம்புக்குள் ஏறிவிடும் என்ற கதை ஆண்களுக்கு வயிற்றைக் கலக்கும். பெரிய மீன்களின் செவுளில் ரத்தம் குடித்து வாழ்கிற ஒட்டுண்ணி அது. சிறுநீரால் ஈர்க்கப்படுகிறதா என்று 2001ல் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சீண்டவில்லை.

பயப்பட வேண்டிய மீனே இல்லையா என்றால், இருக்கிறது. மணலில் புதைந்து கிடக்கும் நன்னீர்த் திருக்கையை மிதித்தால் வாலில் இருக்கிற விஷ முள் உயிரே போகிற மாதிரி வலிக்கும்; காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடந்தால் அது விலகிப் போய்விடும். 2019ல் பெயர் சூட்டப்பட்ட ஒரு மின்விலாங்கு வகை 860 வோல்ட் வரை பாய்ச்சுகிறது. கங்கை, ஜாம்பசி போன்ற ஆறுகளுக்குள் காளைச் சுறா வரும். இவற்றுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எதையும் பற்று வரவு எழுதிப் பார்க்கிற புத்தி எனக்கு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல் மட்டும் தண்ணீரில் மூழ்கிச் செத்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். இந்தப் பேரேட்டில் மீனுக்கு ஒரு வரிகூடத் தேறாது. ஆற்றில் முங்குகிற டைவர் பயப்பட வேண்டியது இழுக்கிற நீரோட்டத்துக்கு, கை நீட்டினால் விரல் தெரியாத கலங்கலுக்கு, அறுந்து கிடக்கிற நைலான் வலைக்கு, தடுப்பணைக்குக் கீழே விழுந்தவனை வெளியே விடாமல் சுழற்றுகிற தண்ணீருக்கு. வலைக்குப் பல் இல்லை, அதனால் அதற்கு எபிசோடும் இல்லை. மீனைத் தேடிக்கொண்டே இறங்குகிறவன் வலையைப் பார்க்க மாட்டான். கெடுதல் என்று நான் சொன்னது இதைத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரக்கன் என்று பெயர் வைத்துவிட்டால் அவன் செத்தால் யாரும் அழ மாட்டார்கள். 1970க்கும் 2012க்கும் இடையில் உலகத்தின் பெரிய நன்னீர் விலங்குகளின் எண்ணிக்கை 88 சதவீதம் சரிந்ததாக 2019ல் வந்த ஆய்வு சொல்கிறது. பெரிய மீன்களின் நிலைமை அதைவிட மோசம். சீனாவின் யாங்சி நதியில் நீண்ட வாள் மாதிரி மூக்கோடு துடுப்புமீன் என்று ஒன்று இருந்தது. 1981ல் கெசௌபா அணை ஆற்றை மறித்தது. முட்டையிட மேலே போக வழியில்லை. கடைசியாக உயிரோடு பார்த்தது 2003ல். 2022ல் அழிந்தேவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள்.

அடுத்த 'நதியின் அரக்கன்' எபிசோடை அந்த அணையைப் பற்றி எடுங்களேன் சார், பின்னணி இசையெல்லாம் போட்டு.