விதைக்குக் கையெழுத்து! எழுத்துக்கு ஒண்ணுமில்லையா?



சம்பா பட்டத்துக்கு சி.ஆர். 1009 சப்-1 நெல் போடுகிறோம். இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும், தண்ணி வடிஞ்சதும் பயிர் தலை தூக்குது. இந்தக் குணம் எந்தக் கம்பெனி கொடுத்தது? எந்தக் கம்பெனியும் இல்லை! ஒடிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்த தால்புட்டியா என்ற நாட்டு நெல்லின் குணம் அது. அதிலிருந்து பொறுக்கிய எஃப்.ஆர். 13ஏ ரகத்தில், வெள்ளம் தாங்கும் மரபணுவை விஞ்ஞானிகள் 2006-இல் அடையாளம் கண்டு சொன்னார்கள். நல்ல காரியம்தான், பலனை நாமும் அனுபவிக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு பயிரின் மரபு முழுவதையும் ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தில் எழுதிவிடலாம். நெல்லுக்கு ஏறக்குறைய 39 கோடி எழுத்து. 2005-இல் இந்தியா உள்பட பத்து நாட்டு விஞ்ஞானிகள் அதைப் படித்து வெளியிட்டார்கள். 2014-இல் 89 நாடுகளின் 3,000 நெல் வகைகளுடைய எழுத்தும் வெளியானது. எல்லாம் இன்டர்நெட்டில் பொதுத் தளங்களில் இருக்கு. அமெரிக்காவின் ஜென்பேங்க் அதில் ஒன்று. பயிர்ப் பேரை அடிச்சு, வேண்டிய மரபணுவைப் பொறுக்கி, பொத்தானை அழுத்தினா கம்ப்யூட்டரில் இறங்கிடும். காசு கிடையாது. நீ யாரு, எதுக்குன்னு கேள்வியும் கிடையாது.

அதே நெல்லில் ஒரு பிடி விதையை பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2004-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதை ஒப்பந்தப்படி கையெழுத்துப் போடணும். அதை வைத்துப் புது ரகம் உண்டாக்கி, மற்றவர் ஆராய்ச்சிக்குத் தராமல் பூட்டி விற்றால் பங்கு கட்டணும். விதைக்கு இருக்கிற இந்த நியாயம், அதன் எழுத்துக்கு ஏன் இல்லை? எழுத்து கையில் இருந்தால், மரபணுத் திருத்தம் செய்து அதே குணத்தை வேறு ரகத்தில் கொண்டுவரப் பார்க்கலாமே! நம்ம விதை எதுக்கு?

2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் உலக நாடுகள் கூடி இதற்கு ஒரு நிதி வைக்க முடிவெடுத்தன. 2025 பிப்ரவரியில் அது தொடங்கியது. இப்படிப்பட்ட தகவலால் சம்பாதிக்கும் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 1 சதவீதமோ, வருமானத்தில் 0.1 சதவீதமோ தரவேண்டும். அதில் பாதியாவது பழங்குடி, உள்ளூர் மக்களுக்குப் போகவேண்டும் என்றார்கள். ஆனா கட்டாயம் இல்லையாம், விருப்பமாம்! நம்ம கூட்டுறவுக் கடனுக்கு இப்படி ஒரு விருப்பம் உண்டா?

தளத்தை மூடு என்று நாம் சொல்லவில்லை. மூடினால் அடி விழுவது அரசு ஆராய்ச்சிக்கும் நமக்கும்தான். திறந்தே இருக்கட்டும். ஆனால்,

1. எழுத்தை எடுத்துச் சம்பாதிப்பவன் பங்கு தருவதைக் கட்டாயமாக்கு!
2. பொதுவில் எடுத்ததை வைத்து காப்புரிமைப் பூட்டுப் போடாதே!
3. காத்து வந்த ஊரின் பேரையும் எழுத்தோடு சேர்த்து எழுது!

நம்ம பங்குக்கும் ஒரு வேலை இருக்கு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மக்கள் பதிவேடு வைக்கணும். அடுத்த கிராம சபையில் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். நம்ம ஊர் நாட்டு விதை ஒவ்வொன்றையும், காத்தவர் பேரோடு எழுத வையுங்கள்.

விதை நம்முடையது! அதன் எழுத்திலும் பங்கு நம்முடையது!