சிறையின் நாடி

சிறையிலே கைதி ஒருவன் காவலரோடு மோதினால் அவனை முரடன் என்கிறோம். தன் கையைத் தானே கீறிக்கொண்டால் கோழை என்கிறோம். இல்லையேல், நடிக்கிறான் என்கிறோம். இரண்டிலும் குற்றம் அவனுடையதே. சிறையை நடத்துவோருக்கு அதில் பங்கே இல்லை! இவ்வளவு எளிதாகத் தீர்ப்பளித்துவிடலாமா?

நாம் பயிலும் இத் தலைநகரிலேதான் திகார் சிறை இருக்கிறது. அங்கே காவற்பணி ஆற்றியவர்களுள் நம் தமிழ்நாடு சிறப்புக் காவற்படையினரும் உண்டு. ஆகவே இஃது அயலார் வீட்டுச் செய்தி அன்று.

அச் சிறையிலிருந்து, மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா என்பவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தமக்காக அன்று, உறவினரிடம் பணம் பறிப்பதற்காகச் சக கைதி ஒருவரை வார்டர் கொடுமையாகக் காயப்படுத்தினார் என்று முறையிட்டார். அக் காயத்துக்குச் சொல்லப்பட்ட சமாதானங்களுள் ஒன்று என்ன தெரியுமா? 'அவரே உண்டாக்கிக்கொண்டது' என்பது! நீதிமன்றம் அக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, கைதிகள் குறைகளை எழுதிப் போடச் சிறைகளில் பெட்டிகள் வைக்குமாறு பணித்தது. 1993இல் திகாரின் பொறுப்பை ஏற்ற கிரண் பேடி, மனுப்பெட்டியை வார்டு வார்டாகச் சுற்றிவரச் செய்தார்.

ஒரு பெட்டி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். சொல்ல வழியுள்ள குறை சொல்லாக வெளிவரும். வழியில்லாதபோது அது கைகலப்பாகவோ கைக்காயமாகவோ வெளிவரும். நான் இயற்பியல் மாணவன். கொதிகலனில் அழுத்தம் ஏறினால் அழுத்தமானியைத் தண்டிப்பார் உண்டோ?

அழுத்தத்துக்குக் காரணங்கள் வெளிப்படை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இடம் 4,36,266 பேருக்கு. இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள்.

'இரக்கம் காட்டினால் கட்டுப்பாடு குலையும்' என்பாரும் உளர். 1990இல் இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 25 நாள் கலவரம் நடந்தது. அதை ஆராய்ந்த நீதிபதி உல்ஃப், 1991இல் தந்த அறிக்கையில், பாதுகாப்பு, கட்டுப்பாடு, நீதி ஆகிய மூன்றும் சமநிலையில் நின்றால்தான் சிறை நிலைபெறும் என்றார். நீதி குறைந்தால் மற்ற இரண்டும் சாயும்.

எனவே, கைதி விதி மீறினாலும் தன்னை வருத்திக்கொண்டாலும், முதற்கேள்வி நிர்வாகத்தை நோக்கி எழட்டும். அந்த அறையில் எத்தனை பேர்? அவன் வீட்டாரைக் கண்டு எத்தனை நாளாயிற்று? அவன் கொடுத்த மனுவுக்கு விடை வந்ததா? இவற்றைச் சிறைக்கு வெளியே உள்ள ஒருவர் கேட்க வேண்டும்.

தோழர்களே, நமக்கும் ஒரு கடமை உண்டு. இந்தி அறியாத தமிழர் ஒருவர் அங்கே அடைபட்டால், தம் குறையை யாரிடம், எம்மொழியில் சொல்வார்? நம் சங்கத்துச் சட்ட மாணவர்கள் இலவசச் சட்ட உதவிக் குழுவை அணுகி, தமிழில் மனு எழுதித் தர முன்வரட்டும். அவர்களுக்குத் துணையாக மற்றவர்களும் செல்வோம்.