நிரைப்பெயரும் பாடலெண்ணும்: தமிழ்த் தரவு அட்டவணைகளில் அடையாளம் பேணல்

முன்னுரை

சங்கப் பாடல்களின் சொல்வளம், திணைப் பாகுபாடு, புலவர்தம் நடை ஆகியவற்றை எண்ணிக்கை அடிப்படையில் ஆராய்வோர்க்கு ஆர் என்னும் புள்ளியியல் கணினிமொழி பெரிதும் துணைநிற்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் உருவாக்கிய இம்மொழி, பெல் ஆய்வகத்தில் தோன்றிய எஸ் மொழியின் வழிவந்தது, கட்டணமின்றிக் கிடைப்பது. இதில் தரவுகள் பெரும்பாலும் தரவுச்சட்டகம் எனப்படும் அட்டவணையாக வைக்கப்பெறுகின்றன. பாடல் ஒன்றுக்கு ஒரு நிரை. புலவர், திணை, துறை, அடித்தொகை முதலிய பண்புகளுக்குத் தனித்தனி நிரல். இவற்றோடு ஒவ்வொரு நிரைக்கும் ஒரு பெயரும் உண்டு. அப்பெயர் எதன் அடிப்படையில் அமைகிறது என்பது கணினி சார்ந்த சிறுவினாவாகவே கருதப்பட்டு வருகிறது. அது பதிப்பியல் சார்ந்த வினா என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இடமும் அடையாளமும்

ஆய்வாளர் தாமே பெயரிடாதவிடத்து ஆர் மொழி 1 முதலாகத் தொடங்கும் எண்களை நிரைப்பெயர்களாக இட்டுக்கொள்கிறது. அவ்வெண் அட்டவணை உருவானபோது அந்நிரை நின்ற இடத்தைக் குறிப்பதேயன்றிப் பாடலின் எண் அன்று. இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றும் இடங்களிலேயே பிழை நுழைகிறது.

புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்களும் கிடைக்கவில்லை. எஞ்சிய 398 பாடல்களை மட்டும் அட்டவணையில் ஏற்றினால், முதல் 266 நிரைகளில் நிரைப்பெயரும் பாடலெண்ணும் ஒத்துவரும். 267ஆம் நிரையில் 269ஆம் பாடல் அமரும். அதுமுதல் இறுதிவரையுள்ள 132 பாடல்களும் இரண்டு எண் பிறழ்ந்து நிற்கும். தொடக்கத்துப் பாடல்கள் சிலவற்றைச் சரிபார்த்து அமைதியுறும் ஆய்வாளர்க்கு இப்பிறழ்ச்சி புலப்படாது. நற்றிணையில் 234ஆம் பாடலும், ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்களும் இவ்வாறே விடுபட்டவை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்காமையின் அதன் முதல் நிரையே 11ஆம் பாடலாகிறது.

கடவுள் வாழ்த்தும் இத்தகைய இடர்ப்பாட்டைத் தருகிறது. புறநானூற்றில் அது 1ஆம் பாடலாக எண்ணப்பெறுகிறது; குறுந்தொகையில் எண்ணிக்கைக்குப் புறம்பாக நிற்கிறது. இரு நூல்களையும் ஒரே கட்டளைத்தொடரால் அட்டவணையாக்குவோர் இவ்வேறுபாட்டைக் கருதாவிடின், குறுந்தொகைப் பாடல்கள் அனைத்தும் ஓரெண் தள்ளி நிற்கும்.

நிரைப்பெயரின் இயல்புகள்

அட்டவணையிலிருந்து சில நிரைகளைத் தெரிந்தெடுக்கும்போது அவற்றின் பழைய பெயர்கள் உடன்வருகின்றன. முறையாக எண்ணிட்ட புறநானூற்று அட்டவணையிலிருந்து கபிலர் பாடல்களை மட்டும் பிரித்தெடுத்தால், முதல் நிரையின் பெயர் 8 என்றே இருக்கும். அவர் பாடியவற்றுள் அந்நூலில் முதற்கண் வருவது 8ஆம் பாடலாதலின். இச்சிற்றட்டவணையில் 8 என்பதை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கேட்டால் 8ஆம் பாடல் வரும். குறியின்றி எண்ணாகக் கேட்டால் எட்டாமிடத்து நிற்கும் 110ஆம் பாடல் வரும். இரு கட்டளைகளும் பிழைச்செய்தி எதுவுமின்றி நிறைவேறும்.

பெயரால் நிரையைத் தேடும்போது முழுப்பெயர் ஒத்துவராவிடினும், அவ்வெழுத்துகளில் தொடங்கும் பெயர் ஒன்றே ஒன்று இருப்பின் தரவுச்சட்டகம் அதனை ஏற்றுக்கொள்ளும். பிரித்தெடுத்த ஓர் அட்டவணையில் 26ஆம் பாடல் இல்லாது 260ஆம் பாடல் மட்டும் இருக்குமாயின், 26ஐத் தேடியவர்க்கு 260 கிடைக்கும். இல்லை என்னும் விடை வரவேண்டிய இடத்தில் வேறொரு பாடல் வந்து நிற்பது ஆய்வுக்குப் பெருங்கேடு.

இரண்டு அட்டவணைகளைப் பக்கம்பக்கமாக இணைக்கும் ‘சிபைண்ட்’ கட்டளை நிரைப்பெயர்களை ஒப்பிடுவதில்லை. நிற்கும் இடத்தையே நோக்குகிறது. ஒன்றில் பாடல்கள் எண்வரிசையிலும் மற்றொன்றில் புலவர் அகரவரிசையிலும் அமைந்திருப்பின், ஒருவர் பாடல் மற்றொருவர் பெயரில் ஏறிவிடும். நடையியல் ஆய்வில் இதனினும் கொடிய பிழை வேறில்லை.

கோப்பாகச் சேமிக்கும்போதும் கவனம் வேண்டும். சிஎஸ்வி கோப்பாக எழுதும் கட்டளை இயல்பாகவே நிரைப்பெயர்களைத் தலைப்பற்ற முதல் நிரலாக எழுதுகிறது. அக்கோப்பை மீளப் படிக்கும்போது அது ‘எக்ஸ்’ என்னும் தலைப்புடைய நிரலாகிறது. மீண்டும் எழுதிப் படித்தால் ‘எக்ஸ்.1’ என மற்றொன்றும் சேர்கிறது. பொருளறியாத எண்நிரல்கள் இவ்வாறு பெருகியபின், அவற்றுள் எது பாடலெண் என்பதைப் பின்வரும் ஆய்வாளர் உய்த்துணரவேண்டியதாகிறது.

தமிழ் எழுத்தும் பெயர் ஒப்புமையும்

எண்ணுக்கு மாறாகப் புலவர் பெயரையே நிரைப்பெயராக்கலாம் எனின், அதற்கும் தடையுண்டு. தரவுச்சட்டகத்தில் ஒரு பெயர் ஒருமுறையே வரலாம். கபிலர் பாடியனவோ பல. அன்றியும், தமிழ்ச் சொற்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் கணினிக்கு வேறாகலாம். மோசிகீரனார் என்னும் பெயரின் ஓகார உயிர்மெய்க் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் எழுதலாம். ஆர் மொழி இவற்றைத் தானாக ஒன்றுபடுத்துவதில்லை. இவ்வேறுபாட்டை ஒருங்குறி இயல்பாக்கத்தால் நீக்கிவிடலாம். ஆனால் ஔவையார் என்பதை ஔகாரத்தால் ஒருவரும், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு மற்றொருவரும் உள்ளிட்டிருப்பின், அதனை இயல்பாக்கமும் திருத்தாது. ஆய்வாளரே கண்டு திருத்துதல் வேண்டும்.

எதிர்நிலைக் கருத்து

நிரைப்பெயரை அறவே விலக்குதல் வேண்டும் என்பாரும் உளர். அண்மைக்காலத்தில் பெருவழக்காகியுள்ள ‘டிபிள்’ என்னும் அட்டவணை வகை இக்கருத்தை ஒட்டியே அமைந்தது. அதில் நிரைகளைத் தெரிந்தெடுக்கும்போது நிரைப்பெயர்கள் நீங்கிவிடுகின்றன. எனினும் முற்றாக விலக்குதல் பொருந்தாது. பாடல்களை நிரைகளாகவும் சொற்களை நிரல்களாகவும் கொண்ட எண் அணிகளில் பாடலின் அடையாளத்தை எண்களுக்கிடையே ஒரு நிரலாக வைத்தல் இயலாது. கொத்துப் பகுப்பாய்வின் கிளைப்படத்தில் நுனிதோறும் தோன்றும் பெயர்களும் நிரைப்பெயர்களிலிருந்து வருவனவே. ஆகவே அடையாளத்தை நிரலில் காத்து, அணியாக மாற்றும் இறுதிப் படியில் மட்டும் நிரைப்பெயராக்குதலே தக்கது.

மேற்கொள்ளத்தக்க நெறிகள்

அட்டவணையின் முதல் நிரலாகப் பாடல் அடையாளம் அமைதல் வேண்டும். புறம்-008, புறம்-110 என நூற்குறுக்கமும் மூவிலக்க எண்ணும் சேர்ந்த வடிவம் ஏற்றது. மூவிலக்கமாயின் எழுத்துவரிசைப்படி அடுக்கும்போதும் எண்வரிசை பிறழாது. ஓர் அடையாளம் மற்றொன்றின் தொடக்கமாகவும் அமையாது.

கிடைக்காத பாடல்களுக்கும் நிரை ஒதுக்கி, அவற்றின் பிற நிரல்களை விடுபட்ட மதிப்பாகக் குறித்தல் நன்று. புறநானூற்று அட்டவணை அப்போது 400 நிரைகளைக் கொண்டிருக்கும். சராசரி முதலியன காணும்போது விடுபட்ட மதிப்புகளை நீக்குமாறு கட்டளையிட்டால் 398 பாடல்களே கணக்கில் வரும். இழப்பும் நூல் வரலாற்றின் ஒரு செய்தியாதலின் அது தரவில் இடம்பெறுதல் முறையே.

எப்பதிப்பின் எண் என்பதும் தனிநிரலில் குறிக்கப்படவேண்டும். திருக்குறளில் அதிகாரத்துக்குள் குறள்கள் அமையும் வரிசை மணக்குடவர் உரைக்கும் பரிமேலழகர் உரைக்கும் வேறுபடுவதால், வைப்புமுறை கூறாத குறளெண் முழுமையான அடையாளமாகாது.

அட்டவணைகளை இணைக்கும்போது இடத்தை நம்பாது அடையாள நிரலைக் கொண்டு ‘மெர்ஜ்’ கட்டளையால் இணைத்தலும், இணைத்தபின் நிரைகளின் தொகை மாறியுள்ளதா எனப் பார்த்தலும், கோப்பாக எழுதும்போது நிரைப்பெயர் எழுதுதலை நிறுத்திவைத்தலும் இன்றியமையாதன.

முடிவுரை

ஓர் ஆய்வேட்டில் பாடலெண் பிறழ்ந்த மேற்கோள் இருப்பின் புறத்தேர்வாளர் அதனைச் சுட்டித் திருத்தச் செய்வார். அதே பிறழ்ச்சி அட்டவணைக்குள் நிகழ்ந்து விழுக்காடாகவும் வரைபடமாகவும் வெளிப்படுமாயின், அதனைக் கண்டறிதல் அரிது. ஆதலால் எண்ணிக்கை சார்ந்த கட்டுரைகளை ஏற்கும் தமிழியல் ஆய்விதழ்கள், பாடல் அடையாளமும் பதிப்பும் குறித்த தரவு அட்டவணையையும் கட்டளைத்தொடரையும் கட்டுரையோடு பெற்று மதிப்பீட்டாளர்க்கு அனுப்புதல் வேண்டும். முனைவர்ப் பட்ட நெறியாளர்களும் மூலபாடத்தை ஒப்புநோக்கும் அதே கண்டிப்புடன் அட்டவணையை ஒப்புநோக்கச் செய்தல் வேண்டும். அதற்குப் புள்ளியியல் புலமை தேவையில்லை. அட்டவணையின் இறுதிப் பகுதியிலிருந்து சில நிரைகளை எடுத்து அச்சுப் பதிப்போடு வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான பிறழ்ச்சிகள் வெளிப்பட்டுவிடும்.