கையும் மழலை பேசும்

விளாத்திகுளம் பக்கம் வத்தல் காயும் களத்தோரம், வேப்பமரத்துத் தொட்டிலில் ஒரு குழந்தை. வயது ஒன்றாகியும் ‘ம்மா’ வரவில்லை என்று தாய் கவலைப்பட்டால், ஆச்சியிடம் பதில் தயாராக இருக்கும்: “ஆம்பளப் புள்ள, பையத்தான் பேசுவான். அதான் ‘ங்கா’ எல்லாம் சொன்னாம்லா!”

அந்த ‘ங்கா’வில்தான் பலர் ஏமாறுகிறோம். காது கேளாத குழந்தையும் 2, 3 மாதத்தில் ‘ங்கா’ சொல்லும், சிரிக்கும். வித்தியாசம் தெரிவது பிறகுதான். 6 முதல் 10 மாதத்துக்குள் ‘பபப’, ‘மமம’ என்று மழலை வர வேண்டும். காது கேளாத குழந்தையிடம் அது வெகுவாகத் தள்ளிப்போகும். தட்டைக் கீழே போட்டுச் சோதிப்பதும் உதவாது. தரை அதிர்ந்தாலே குழந்தை திரும்பிவிடும்.

மழலை வாயில் மட்டும்தான் வருமா? கனடாவின் மான்ட்ரியலில் லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் செய்த ஆய்வு 1991-ல் வெளியானது. சைகை மொழி பேசும் வீட்டில் வளர்ந்த, காது கேளாத 2 குழந்தைகளைக் கவனித்தார்கள். 10 மாதம் தொடங்கி அந்தக் குழந்தைகள் விரல்களை மூடி விரித்து, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தன. அர்த்தமில்லாத கை மழலை! நம் வீட்டு ‘பபப’ மாதிரியேதான். ஒப்பிட்டுப் பார்த்த, காது கேட்கும் 3 குழந்தைகளிடம் அது மிகக் குறைவு. சைகை பார்த்து வளரும் குழந்தைக்கு முதல் சொல்லும் ஒரு வயதை ஒட்டிக் கையில் வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், காது கேளாத குழந்தைகள் பெரும்பாலும் பிறப்பது கேட்கும் பெற்றோருக்கு. அங்கே சைகை பேச ஆளில்லை. ‘கையைக் காட்டிப் பழக்கினால் பேச்சு வராது’ என்ற பயம் வேறு. ‘டாட்டா’, ‘சாமி கும்பிடு’ எல்லாம் கையால்தானே சொல்லிக்கொடுக்கிறோம்? அதனால் எந்தக் குழந்தைக்குப் பேச்சு நின்றது?

மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்; பரம்பரைச் செவித்திறன் குறைபாட்டுக்கு அங்கே வாய்ப்பு அதிகம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் சிகிச்சை உண்டு. ஆனால் மொழி பிடிபடும் காலம் முதல் சில வருடங்கள்தான். 3 வயது வரை ‘பைய’ பார்த்தால், பாதிக் காலம் போய்விடும்.

9 மாதம் முடிந்ததும் தட்டம்மை - ரூபெல்லா ஊசிக்கு எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையம் போவீர்கள். ‘பபப’ இன்னும் வரவில்லையென்றால் அன்றைக்கே நர்ஸம்மாவிடம் சொல்லி, செவித்திறன் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம், வலிக்காது.